எயார்பேக் லைட் அணையவே இல்லை: 2008 ஆக்சியோ, வாங்கலாமா? (திருகோணமலை)

கடற்கரைத்தெரு_ஆக்சியோ:
பாவித்த டொயோட்டா ஆக்சியோ கார் ஒன்று விலை பேசி வைத்திருக்கிறேன். 2008, 141 பொடி (மொடல்). முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை. இக்னிஷன் போட்டதும் எயார்பேக் லைட் எரிகிறது, எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகும் அணைவதில்லை. ஸ்டியரிங்கை முழுதாக இடப்பக்கம் ஒடித்தால் ஹோன் அடிக்காது, நேராக்கினால் அடிக்கும். விற்பவர் "அது சும்மா சென்சர் லைட், பல்பைக் கழட்டிவிட்டால் சரி" என்கிறார். என்ன பிழையாக இருக்கும்? வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

உவர்மலை_வயரிங்:
ஹோன் விட்டுவிட்டு அடிப்பதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் ஸ்பைரல் கேபிள் மேல்தான். கராஜில் கிளொக் ஸ்பிரிங் என்றும் சொல்வார்கள். ஸ்டியரிங் வீலுக்குப் பின்னால் வட்டமான பிளாஸ்டிக் கூடு, அதற்குள் சுருட்டி வைத்த தட்டை நாடா. வீல் சுற்றச் சுற்ற நாடா இறுகும், தளரும். ஹோன், ஸ்டியரிங் பட்டன், சாரதி பக்க எயார்பேக் மூன்றுக்கும் மின்சாரம் இந்த நாடா வழியாகத்தான் போகிறது. நாடாவின் ஒரு தடம் வெடித்தால் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் தொடுப்பு விட்டுப்போகும். நீங்கள் சொல்வது அதேதான்.

ஆனால் ஊகத்தில் பாகம் வாங்கிவிடாதீர்கள். முதலில் கோட், அதாவது யூனிட் பதிந்து வைத்திருக்கும் பிழை எண், படிக்க வேண்டும். இந்த ஒரு லைட்டுக்குப் பின்னால் எயார்பேக், முன் சென்சர்கள், சீட் பெல்ட் பிரிடென்ஷனர் (மோதும்போது பெல்ட்டை இறுக்குவது), பக்கிள் சுவிட்ச், கொன்ட்ரோல் யூனிட் எல்லாமே இருக்கின்றன. ஹோனும் லைட்டும் இரண்டு வெவ்வேறு பிழைகளாகவும் இருக்கலாம்.

அதற்கும் முதல் பற்றரி வோல்டேஜைப் பாருங்கள். எஞ்சின் நிறுத்தி சில மணி நேரம் கழித்து 12.4 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும், ஸ்டார்ட் ஆனபின் 13.8 முதல் 14.4 வரை. வோல்டேஜ் இறங்கினால் டொயோட்டாவில் கோட் எதுவும் பதியாமலே இந்த லைட் எரியும், ஏறினால் தானாக அணையும். ஹைபிரிட்காரர்களுக்கு இது அடிக்கடி நடப்பது.

கிண்ணியா_ஹைபிரிட்:
ஸ்கானர் விசயத்தில ஒன்று சொல்றன். ஒன்லைன்ல மலிவா விற்கிற அந்தச் சின்ன நீல ப்ளூடூத் அடப்டர் பொதுவா எஞ்சின் கோட் மட்டும்தான் வாசிக்கும். அதில "பிழை இல்லை" எண்டு வந்தா எயார்பேக்குக்கு அது ஒரு பதிலே இல்லை. எஸ்ஆர்எஸ் (எயார்பேக், பெல்ட் முறை) பகுதிக்குள்ள போகக்கூடிய லோஞ்ச், ஓட்டெல் மாதிரி ஸ்கானர், இல்லாட்டி டொயோட்டாவுக்கு டெக்ஸ்ட்ரீம் வேணும். கராஜுக்குப் போக முதல் "எஸ்ஆர்எஸ் வாசிக்குமா, லைவ் டேட்டா வருமா" எண்டு கேளுங்க.

ஸ்கானர் கிடைக்காட்டி இந்தக் காலத்து டொயோட்டாவில வயர்த்துண்டு ஒன்று போதும். ஸ்டியரிங்குக்குக் கீழ 16 கால் சொக்கட் இருக்கு. இக்னிஷனை ஓஃப் பண்ணி 4ஆம் காலையும் 13ஆம் காலையும் வயரால இணைச்சுப்போட்டு, பிறகு இக்னிஷனை ஓன் பண்ணுங்க. எயார்பேக் லைட் கண்சிமிட்டத் தொடங்கும். ஒரே வேகத்தில நிற்காமச் சிமிட்டினா கோட் இல்லை. கோட் இருந்தா முதல் இலக்கத்துக்கு எத்தனையோ அத்தனை தரம் சிமிட்டும், ஒன்றரை செக்கன் நிற்கும், பிறகு இரண்டாவது இலக்கம். அடுத்த கோட்டுக்கு முன்னால இரண்டரை செக்கன் இடைவெளி. போன்ல வீடியோ எடுத்து மெதுவாப் போட்டுப் பார்த்தா எண்ணுறது லேசு. மற்ற லைட்டுகளும் சேர்ந்து சிமிட்டும், எயார்பேக் லைட்டை மட்டும் பாருங்க.

கவனம்: 16ஆம் காலில எந்த நேரமும் பற்றரி வோல்டேஜ் இருக்கும். வயர் தவறி அங்க பட்டா யூனிட் போகும். காலை எண்ணத் தெரியாட்டி கை வைக்காதீங்க.

சாரதி பக்க எயார்பேக் 51, பயணி பக்கம் 52, சாரதி பிரிடென்ஷனர் 73, பயணி பிரிடென்ஷனர் 74, முன் சென்சர்கள் 13, 14. 31 வந்தா கொன்ட்ரோல் யூனிட்.

அலஸ்தோட்டம்77:
இவ்வளவு மெனக்கெடணுமா? வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைதான் கேட்கிறார்கள், எயார்பேக் லைட்டை யாரும் பார்ப்பதில்லை. எஞ்சின் நல்லது, ஏசி நல்லது என்றால் விலையைக் குறைத்து எடுத்துவிடலாம். டவுனுக்குள் மானுக்கும் மாட்டுக்கும் ஒதுங்கிப் போகிற வேகத்துக்கு எயார்பேக் எதற்கு?

உவர்மலை_வயரிங்:
டவுனுக்குள் மட்டும் ஓடினால் சரி. கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் இரவில் எந்த வேகத்தில் போகிறீர்கள் என்று யோசியுங்கள்.

லைட் எரிந்துகொண்டிருந்தால் எது வேலை செய்யும், எது செய்யாது என்று வெளியிலிருந்து சொல்லவே ஏலாது. சில யூனிட்கள் பழுதான சுற்றை மட்டும் விலக்கும், சில முழு முறையையும் நிறுத்திவிடும். பிரிடென்ஷனரும் இதே யூனிட்டின் கீழ்தான். மோதும் நொடியில் பெல்ட்டை இழுத்து இறுக்குவது அது. அதுவும் போனால் கையில் மிஞ்சுவது வெறும் பட்டி.

இன்னொன்று: லைட் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் நாளைக்கு வருகிற புதுப் பிழையை எப்படி அறிவீர்கள்?

தம்பை_ஓட்டம்:
பல்பைக் கழட்டும் கதை வந்ததால், வாங்குபவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டியது. எரிகிற லைட்டைவிட எரியவே எரியாத லைட்தான் ஆபத்து.

இக்னிஷனை ஓன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எயார்பேக் லைட் எரிந்து, ஏறக்குறைய 6 செக்கனில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்ப் இல்லை, அல்லது மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த தந்திரம், எயார்பேக் லைட்டின் வயரை ஒயில் லைட்டோடோ சார்ஜ் லைட்டோடோ சேர்த்துவிடுவது. அப்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்வரை எரிந்து, ஒயில் லைட் அணையும் அதே கணத்தில் இதுவும் அணையும். அதனால்தான் ஸ்டார்ட் செய்யாமல் பார்க்கச் சொல்கிறேன். ஒயில் லைட் எரிந்துகொண்டிருக்க எயார்பேக் லைட் தனியாக அணைந்தால் அந்த ஏமாற்று இல்லை.

மூன்றாவது கொஞ்சம் கெட்டித்தனமானது: வெடித்த எயார்பேக்குக்குப் பதிலாக 2 ஓம்ஸ் அளவு ரெசிஸ்டர் ஒன்றைக் கொனெக்டரில் செருகிவிடுவார்கள். யூனிட் அதை எயார்பேக் என்றே நம்பும், ஸ்கானரும் "பிழை இல்லை" என்று காட்டும். கண்ணால்தான் பிடிக்க வேண்டும். டாஷ்போர்டில் பயணி பக்க மூடியின் விளிம்பு, தோலின் நிறம், சொரசொரப்பு மற்றப் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா? ஸ்டியரிங் நடுமூடியைச் சுற்றி இடைவெளி சீராக இருக்கிறதா? முன் சீட் பெல்ட் இரண்டையும் கடைசிவரை இழுங்கள். அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் உற்பத்தித் திகதி இருக்கும். 2008 காரில் 2012 பெல்ட் இருந்தால் யாரோ ஏதோ மாற்றியிருக்கிறார்கள். பெல்ட் பாதியில் சிக்கி நின்றால், அல்லது திரும்பச் சுருளாவிட்டால் பிரிடென்ஷனர் வெடித்ததாக இருக்கலாம்.

ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையைக் குறித்த ஏலத்தாள் இருந்தால் கேளுங்கள். ஆர், ஆர்ஏ தரம் என்றால் அங்கேயே அடிபட்டுத் திருத்திய கார். ஆனால் இங்கே பதிவான பிறகு நடந்த விபத்தை அந்தத் தாள் சொல்லாது.

கடற்கரைத்தெரு_ஆக்சியோ:
உரிமையாளரைக் கேட்டு, வயர் போட்டு எண்ணியாயிற்று. பற்றரி 12.5. லைட் 51உம் 74உம் மாறி மாறிக் காட்டுகிறது. 51 ஸ்பைரல் கேபிள் என்று முடிவு செய்யலாமா? 74 எங்கிருந்து வந்தது?

உவர்மலை_வயரிங்:
51 சாரதி எயார்பேக் சுற்று முழுவதையும் குறிக்கிற எண். சுற்று விட்டுப்போனதா, இரண்டு வயரும் ஒன்றாகப் பட்டதா, பொடியில் பட்டதா, பற்றரி வயரில் பட்டதா என்று சிமிட்டல் பிரித்துச் சொல்லாது. ஸ்கானர் சொல்லும்: பி1800 என்றால் ஷோர்ட், பி1801 என்றால் விட்டுப்போனது, பி1802 பொடியில் பட்டது, பி1803 பற்றரியில் பட்டது. ஸ்பைரல் கேபிள் அறுந்தால் பெரும்பாலும் 1801.

அதை உறுதிப்படுத்துகிற வழி இது. செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் வரிசையை விரிவாகவே எழுதுகிறேன்.

ரயர் நேராக இருக்கட்டும். இக்னிஷன் ஓஃப், சாவி வெளியே. பற்றரியின் மைனஸை 10 மி.மீ. ஸ்பனரால் கழட்டுங்கள். டொயோட்டாவுக்குக் குறைந்தது 90 செக்கன் பொறுக்க வேண்டும், ஹொண்டாவுக்கு 3 நிமிடம். மோதலில் பற்றரி அறுந்தாலும் எயார்பேக் விரிய வேண்டும் என்பதற்காக யூனிட்டுக்குள் ஒரு கப்பாசிற்றர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அது வடியத்தான் இந்த நேரம். அவசரப்பட்டுக் கழட்டுபவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்.

பிறகு ஸ்டியரிங்கின் இரு பக்கச் சின்ன மூடிகளையும் எடுத்து, உள்ளே இருக்கும் 30 இலக்க டோர்க்ஸ் ஸ்குரூ இரண்டையும் தளர்த்துங்கள். முழுதாக வெளியே வராது, வர வேண்டியதும் இல்லை. எயார்பேக் முன்னால் வரும். மஞ்சள் கொனெக்டரின் நடுப்பூட்டை மெல்லிய ஸ்குரூடிரைவரால் மேலே தூக்கிவிட்டுப் பிறகு இழுங்கள். கழட்டிய எயார்பேக்கை அலங்கார முகம் மேலே பார்க்க வையுங்கள். குப்புற வைத்து அது வெடித்தால் முழுப் பாரமும் மேலே பாயும். தூக்கும்போதும் முகத்தை உங்கள் நெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள்.

எயார்பேக்கின் கால்களில் மல்டிமீற்றர் வைக்கவே வேண்டாம். ஓம்ஸ் அளக்க மீற்றர் தானே கொஞ்சம் கரண்ட் அனுப்பும், பற்றவைக்கும் திரிக்கு அதுவே போதுமாகிவிடலாம்.

எயார்பேக் இல்லாத நிலையில், ஸ்பைரல் கேபிளிலிருந்து எயார்பேக்குக்கு வருகிற கொனெக்டரின் இரண்டு முனைகளையும் மெல்லிய வயரால் இணையுங்கள். முனையை அகட்டிவிடாதீர்கள். பற்றரியைக் கொடுத்து, கோட்டை அழித்து, திரும்ப வாசியுங்கள். 1801 போய் 1800 வந்தால் வயரிங்கும் ஸ்பைரல் கேபிளும் நல்லது, பிழை எயார்பேக் பக்கம். 1801 அப்படியே நின்றால் பிழை கேபிளிலோ அதற்குக் கீழேயோ. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்தும் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் 1801 திரும்பினால் சந்தேகமே இல்லை, நாடாதான்.

கேபிளைத் தனியாகக் கழட்டி மீற்றர் வைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். மஞ்சள் கொனெக்டர்களுக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு உண்டு. கழட்டியதும் அது எயார்பேக் பக்கத்து இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடும், நிலைமின்சாரத்தில் வெடிக்காமலிருக்க. அந்தத் தகட்டை விலக்காமல் அளந்தால் நல்ல கேபிளும் ஷோர்ட் என்றுதான் காட்டும்.

தம்பை_ஓட்டம்:
74தான் எனக்குப் பெரிய கவலை. இந்தக் காரில் பயணி பிரிடென்ஷனர் நடுத்தூணின் அடியில், பெல்ட் சுருளோடு இருக்கிறது. கொனெக்டர் கிட்டத்தட்ட தரை மட்டம். அங்கே பிழை வர முதற்காரணம் ஈரம். பயணி பக்கக் கால்மிதியைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். சீட் தண்டவாளத்து போல்ட்களில் துரு, சேற்றுக் கோடு, சிகரெட் லைட்டர் குழிக்குள் மண், ஸ்பெயார் ரயர் பள்ளத்தில் படிவு, எல்லாம் தேடுங்கள். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு கழுவித் துடைத்து விலைக்கு வருகிற வாகனம் எது, வராதது எது என்று பார்க்காமல் இனி எவரும் வாங்கக்கூடாது. எயார்பேக் யூனிட் கியர் லீவருக்கு முன்னால் தரையோடு போல்ட் அடித்திருக்கும். தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அதுதான்.

வெள்ளம் இல்லாவிட்டால் ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்து உள்ளே கசிவதாக இருக்கலாம். பயணி பக்கம் நனைய அது மிகச் சாதாரண காரணம்.

கடற்கரைத்தெரு_ஆக்சியோ:
கார்ப்பெட் பஞ்சு ஈரம்தான். முன்பக்கம் மட்டும், பின் சீட்டுக்கு அடியில் காய்ந்திருக்கிறது. சேறு எங்கும் இல்லை. நடுத்தூண் மூடியை உரிமையாளரே கழட்டிக் காட்டினார், கொனெக்டர் முனையில் பச்சை பூத்திருக்கிறது.

உவர்மலை_வயரிங்:
அப்படியென்றால் ஏசிக் குழாயாகத்தான் இருக்க வேண்டும். முதலில் கசிவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பச்சை திரும்பவும் பூக்கும். பற்றரி கழட்டி, நேரம் விட்டு, கொனெக்டரைப் பிரித்து கொன்டக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்துக் காயவிடுங்கள். மணல் தாள் போடாதீர்கள். முனையில் தங்கப்பூச்சு உண்டு, தேய்த்தால் அது போய் ஆறு மாதத்தில் அதே பிழை வரும். பச்சை முனைக்குள்ளேயே அரித்திருந்தால் துடைத்துப் பயனில்லை, அந்த வயரிங் துண்டையே மாற்ற வேண்டும். மஞ்சள் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது இந்தச் சுற்றில் ஆகாது. தடை கூடினால் யூனிட் கவனிக்கும் இடம் இது.

பழையபாகம்_திருமலை:
ஸ்பைரல் கேபிள் வாங்குவது பற்றி. டொயோட்டா பாக இலக்கம் 84306 என்று தொடங்கும். மிச்ச இலக்கங்களும் பொருந்த வேண்டும். ஸ்டியரிங் பட்டன் உள்ளது, இல்லாதது, விஎஸ்சி (வழுக்கல் தடுப்பு முறை) உள்ளது என்று ஒரே மொடலில் பல வகை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழட்டிய பாகமும் கிடைக்கும், ஆனால் அதன் நாடா எத்தனை லட்சம் தரம் சுற்றியதென்று எவருக்குத் தெரியும்? இதற்கு மட்டும் புதிது எடுங்கள். பெயர் தெரியாத மலிவுப் பிரதிகளில் ஹோன் வேலை செய்யும், எயார்பேக் சுற்றின் தடை மட்டும் கூடி 1801 திரும்ப வரும்.

பூட்டும்போது நடுவாக்குவதில்தான் கனபேர் புதுக் கேபிளை முதல் நாளே அறுக்கிறார்கள். நடுக்கூட்டை இடஞ்சுழியாக, இறுகும்வரை மெதுவாகத் திருப்புங்கள். அங்கிருந்து வலஞ்சுழியாக ஏறக்குறைய இரண்டரைச் சுற்று வந்து, குறிகள் இரண்டும் நேர் நிற்க வேண்டும். ரயரும் நேராக இருக்க வேண்டும். வீலைக் கழட்டமுன் தண்டிலும் வீலிலும் கோடு போட்டு வையுங்கள். நடுநட் 19 மி.மீ., இறுக்கம் 50 நியூட்டன் மீற்றர். டோர்க்ஸ் இரண்டும் 8.8 தான், பலம் காட்ட வேண்டாம். வீலைச் சுத்தியலால் தட்டி எடுக்காமல் புல்லர் போடுங்கள்.

அலஸ்தோட்டம்77:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். எயார்பேக் வெடித்த காரில் யூனிட்டை மாற்றாமல், உள்ளே இருக்கும் கிராஷ் டேட்டாவை (மோதல் பதிவை) அழித்துத் தருவதாகச் சொல்கிறார்களே, அது சரியா?

உவர்மலை_வயரிங்:
மெமரி சிப்பிலுள்ள தரவை அழித்து எழுதலாம், லைட்டும் அணையும். ஆனால் தயாரிப்பாளர்கள் மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பலத்த மோதலை வாங்கிய போர்டு அது, உள்ளேயுள்ள சென்சருக்கு என்ன ஆனதென்று அழிப்பவர் சோதிப்பதில்லை. நான் செய்யமாட்டேன். மாற்றினால் 89170 என்று தொடங்கும் இலக்கம் முழுதாகப் பொருந்த வேண்டும். வேறு மொடல் யூனிட் கொனெக்டரில் ஏறும், ஆனால் அந்தப் பொடிக்கான மோதல் கணக்கு அதில் இராது.

பழையபாகம்_திருமலை:
நான் இவரோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. பெல்ட் பிரிடென்ஷனர் மட்டும் வெடித்து எயார்பேக் விரியாத சின்ன மோதலுக்குப் பிறகு, ஒழுங்கான ஆளிடம் அழித்து நன்றாக ஓடுகிற கார்கள் உண்டு. புது யூனிட் விலையைக் கேட்டால் கனபேர் பல்பைக் கழட்டத்தான் போவார்கள். ஆனால் பாவித்த எயார்பேக் வாங்குவதற்கு நானும் எதிர்ப்புத்தான். அதை எந்த வெயிலில், எந்த ஈரத்தில் வைத்திருந்தார்கள் என்று தெரியாது. பஸ்ஸில் பார்சல் போட்டு எடுக்கவே வேண்டாம், உள்ளே வெடிமருந்து.

கிண்ணியா_ஹைபிரிட்:
இடையில வேகன்ஆர் வச்சிருக்கிற ஆக்களுக்கு: சீட் கவர் போட்ட பிறகு லைட் வந்தா முதல்ல சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாருங்க. கவர் பூட்டுறவர் சீட்டைக் கழட்டிப் பூட்டும்போது மஞ்சள் கொனெக்டர் அரைகுறையா நிற்கும். இக்னிஷன் ஓன்ல அதைக் கழட்டினா கோட் பதிஞ்சு, திரும்பச் செருகினாலும் லைட் நிற்கும். சரியாச் செருகிப்போட்டு ஸ்கானரால அழிக்க வேணும், பற்றரி கழட்டினா இந்தக் கோட் பெரும்பாலும் போகாது. சீட்டுக்குள்ளேயே பக்க எயார்பேக் உள்ள மொடலுக்கு முழுசா மூடுற கவர் போடவே கூடாது. சீட்டுத் தையல் கிழிஞ்சுதான் அது வெளியில வரும்.

தம்பை_ஓட்டம்:
லைட் அணைந்தாலும் ஒரு வேலை மிச்சம். டக்காடா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர், அதாவது எயார்பேக்கை ஊதி விரிக்கும் பாகம். அம்மோனியம் நைட்ரேட் மருந்து, வெக்கையிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் கெட்டு, வெடிக்கும்போது உலோகக் கூட்டையே சிதறடிக்கிறது. திருகோணமலை வெயிலும் கடற்காற்றும் அதற்குத் தோதான சூழல். இந்தக் குறைக்கு எச்சரிக்கை லைட் எரியாது, ஏனென்றால் மின்சுற்றில் பிழை இல்லை. டொயோட்டா, ஹொண்டா, நிசான், மஸ்டா எல்லாவற்றிலும் 2000களின் கார்கள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. ஜப்பானில் 2018 மே முதல், மாற்றாத கார்களில் ஆபத்துக் கூடியவற்றுக்கு வாகனப் பரிசோதனையில் அனுமதி மறுத்தார்கள். உங்கள் கார் அதற்கு முன்னரே கப்பல் ஏறியிருந்தால் மாற்றாமலே வந்திருக்கலாம்.

இதேபோல 2014 ஏப்ரலில் டொயோட்டா உலகம் முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருப்பி அழைத்ததில் ஒரு பெரும் பகுதி ஸ்பைரல் கேபிளுக்காகத்தான். இரண்டையும் ஒரே தேடலில் பார்க்கலாம்.

ஜப்பான் உள்நாட்டுக் காருக்கு 17 இலக்க எண் கிடையாது, அதனால் அமெரிக்கத் தளங்களில் போட்டால் ஏற்காது. டொயோட்டாவின் ஜப்பானிய இணையதளத்தில் ரீகோல் தேடும் பக்கத்தைத் திறந்து, பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தை, நடுவிலுள்ள சிறு கோட்டுக்கு (-) முன் மொடல் குறியீடு ஒரு பெட்டி, பின் எண் ஒரு பெட்டி என்று பிரித்துப் போடுங்கள். மொழிபெயர்ப்பை ஓன் செய்தால் போதும், "செய்து முடிந்தது" அல்லது "இன்னும் செய்யவில்லை" என்று வரும்.

கடற்கரைத்தெரு_ஆக்சியோ:
ஸ்பைரல் கேபிள், கொனெக்டர், ஏசிக் குழாய் மூன்றையும் விற்பவர் தன் செலவில் செய்து, என் முன்னால் ஸ்கானரில் கோட் அழித்து, 6 செக்கனில் லைட் அணைவதைக் காட்டிய பிறகுதான் முற்பணம் என்று சொல்லியிருக்கிறேன். செசி இலக்கத்தைப் படம் எடுத்தாயிற்று, இன்றிரவு போட்டுப் பார்க்கிறேன். கோட் அழித்த அன்றே லைட் அணைந்ததை நம்பலாமா, கொஞ்சம் ஓட்டிப் பார்க்க வேண்டுமா?

உவர்மலை_வயரிங்:
ஓட்டிப் பாருங்கள். நிலாவெளி றோட்டில் போய்வந்து, ஒரு இடத்தில் நிறுத்தி ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து ஹோன் அடியுங்கள், பயணி சீட்டை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஏசியை அரை மணி நேரம் முழுதாக ஓடவிட்டு, காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா பாருங்கள். சொட்டினால் குழாய் திறந்திருக்கிறது. பிறகு இன்னொரு தரம் கோட் வாசியுங்கள். பழைய கோட்களைக் காட்டும் "ஹிஸ்டரி" பகுதியும் வெறுமையாக இருக்க வேண்டும்.